“தம்பிக்கு 16 ஆகிவிட்டது, இனி எந்த வேலையும் செய்யலாமாம்”: ஒரு அக்காவின் கடிதத்துக்கு சட்டத்தரணியின் பதில்

நுவரெலியா மாவட்டத்துத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்த 24 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். சுதந்திர வர்த்தக வலயத்தில் ஒரு கார்மென்ட்டில் வேலை செய்து, போர்டிங்கில் தங்கியிருக்கிறார். ஊர், பெயர், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா ஒன்றரை வருடத்துக்கு முன் ஈர மலையில் கவ்வாத்து வெட்டும்போது சறுக்கி விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவர், அதற்குப் பிறகு பிரட்டுக்கு (தோட்ட வேலைக்கு) போகவில்லை. கண்டியில் தனியாரிடம் ஸ்கேன் எடுக்கவும் போய்வரவும், பக்கத்து மரக்கறித் தோட்ட முதலாளியிடம் 60,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். அந்தக் கடனைக் கழிக்கத் தம்பி பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு அங்கே போனான். எட்டு மாதமாகிறது. லீக்ஸுக்கும் உருளைக்கிழங்குக்கும் மருந்து அடிக்கிறான், இரவில் அங்குள்ள குடிசையில், வாடியில், படுத்துக் காவல் இருக்கிறான். நாளுக்கு 900 ரூபாய் என்று பேச்சு, ஆனால் கைக்கு எதுவும் வருவதில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்து, கை நடுங்கிப் படுத்திருக்கிறான். முதலாளி எலுமிச்சைச் சாறு கரைத்துக் கொடுத்து, மறுநாள் மறுபடி மருந்து டாங்கியைத் தூக்க வைத்திருக்கிறார்.

அக்கா போய்க் கேட்டபோது, “பையனுக்கு 16 ஆகிவிட்டது, சட்டமே விடுகிறது. கடனைக் கட்டாமல் பையனை விடமாட்டேன். பொலிசுக்குப் போனால் காசு வாங்கிய உங்கப்பாதான் முதலில் உள்ளே போவார்” என்றாராம். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் “சீசன் முடியட்டும்மா” என்கிறார். அப்பாவோ “நாங்களும் இந்த வயசிலதான் மலைக்குப் போனோம்” என்கிறார். எப்படியாவது வட்டிக்கு வாங்கி 60,000த்தைக் கட்டிவிட்டு, தம்பியைக் கொழும்பில் ஒரு கடையில் சேர்த்துவிடலாமா என்பது அவர் கேள்வி.

தங்கச்சி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் வட்டிக்கு வாங்காதீர்கள். கீழே எழுதியிருப்பதை முழுவதும் படித்த பிறகு, அந்த 60,000 ரூபாயை யார் யாருக்குத் தர வேண்டியிருக்கிறது என்பதே உங்களுக்கு வேறு மாதிரித் தெரியும்.

வயதுக் கணக்கு

முதலாளி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் நீங்களும் நம்பிவிட்டீர்கள். பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகள் ஆகியோரைத் தொழிலில் அமர்த்துவது பற்றிய 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில், வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது நீண்ட காலம் 14 ஆக இருந்தது. 2021இல் வந்த திருத்தம் அதை 16 ஆக்கியது. கட்டாயக் கல்வி வயது 2016இலேயே 16க்கு உயர்ந்துவிட்டது, வேலைச் சட்டம் அதன் பின்னால் வந்து சேர்ந்தது. ஆக, 16 வயதுப் பிள்ளையை வேலைக்கு எடுப்பது தன்னளவில் குற்றமில்லை. இவ்வளவுதான் அவர் சொன்னதில் சரி.

சொல்லாமல் விட்டது இதுதான். 2006ஆம் ஆண்டின் திருத்தம், அபாயகரமான தொழில் எதிலும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரையும் அமர்த்தக்கூடாது என்று தடை போட்டது. எவையெல்லாம் அபாயகரமானவை என்ற பட்டியல் 2010இல் ஒழுங்குவிதிகளாக வெளியானது, பிறகு விரிவாக்கப்பட்டது. விவசாய இரசாயனங்களோடு செய்யும் வேலை அதில் அடங்கும். பெற்றோர் சம்மதித்தாலும், பையனே விரும்பிப் போனாலும், சம்பளம் இரட்டிப்பாகக் கொடுத்தாலும் இந்தத் தடை தளராது. 16 வயதுப் பையன் ஒரு கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கலாம். மருந்து டாங்கியை முதுகில் ஏற்ற 18 ஆக வேண்டும்.

இன்னொன்றும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. தம்பிக்கு இப்போது 16 வயதும் இரண்டு மாதமும் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலைக்குப் போய் எட்டு மாதம். அப்படியானால் சேரும்போது அவனுக்கு பதினைந்தரை. எந்த வேலைக்குமே எடுக்கக்கூடாத வயது. முதலாளி காட்டும் அதே சட்டம் முதல் நாளிலிருந்தே அவருக்கு எதிராகத்தான் நிற்கிறது. பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்றைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இந்த விஷயத்தில் அதைவிடப் பெரிய ஆவணம் வேறில்லை.

அப்பா சொல்வதையும் நான் தட்டிக்கழிக்க மாட்டேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் பள்ளிவிட்டு வந்து அம்மாவோடு கோவா நடுவதையோ விறகு பொறுக்குவதையோ இந்தச் சட்டம் குறிவைக்கவில்லை. அப்படித்தான் மலைநாட்டில் எல்லோரும் வளர்ந்தோம். அந்நியர் ஒருவரின் இலாபத்துக்காக, கடனுக்கு ஈடாக, நஞ்சைத் தெளிக்க நிறுத்தப்படுவது அந்தக் கணக்கில் வராது. அப்பாவிடம் இதை வாதமாகச் சொல்லாமல், தம்பியின் கை நடுங்கியதைச் சொல்லிப் பேசுங்கள்.

உடம்புதான் முதலில்

சட்டத்துக்கு முன் இது. தம்பி முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் அடிக்கிறான், அதனால் பரவாயில்லை என்று நினைக்கிறீர்கள். இது ஆபத்தான நம்பிக்கை. பூச்சி மருந்து உடம்புக்குள் போவதற்கு மூக்கு மட்டும் வழியில்லை. தோல் வழியாகவும் நிறையப் போகிறது. நனைந்த துணியும் நனைந்த சட்டையும் மருந்தைத் தோலோடு ஒட்டிப் பிடித்து வைக்கின்றன. கசியும் டாங்கி முதுகு முழுவதையும் நனைத்துவிடும். வளரும் உடம்பு, எடை குறைந்த உடம்பு. பெரியவர் ஒருவரைத் தலைவலியோடு விடும் அளவு, இவனை விழுத்தாட்டிவிடலாம்.

அளவுக்கு மீறி வியர்ப்பது, எச்சிலும் கண்ணீரும் ஒழுகுவது, கண் மங்குவது, வாந்தி, வயிற்றுவலி, தசை துடிப்பது, கை நடுங்குவது, இவையெல்லாம் சில வகைப் பூச்சி மருந்து நஞ்சேறியதன் அடையாளங்கள். எலுமிச்சைச் சாறும் இளநீரும் இதை முறிக்காது. மறுபடி இப்படி நடந்தால் நனைந்த உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவி, உடனே 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். அடித்த மருந்தின் போத்தலையோ லேபலையோ கூடவே கொண்டுபோனால் வைத்தியருக்குப் பாதி வேலை குறையும். அது முடியாவிட்டால் லேபலைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இப்போது அறிகுறி இல்லை என்றாலும், அவனை ஒருமுறை அரசாங்க வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். என்ன வேலை செய்கிறான், எத்தனை மாதமாகச் செய்கிறான் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். “காய்ச்சல்” என்று சொல்லி பனடோலோடு திரும்பி வருவதுதான் நம் ஊர்களில் அதிகம் நடப்பது.

கடனும் மிரட்டலும்

“அப்பா உள்ளே போவார்” என்பதுதான் உங்கள் எல்லோரையும் கட்டிப்போட்டிருக்கும் வார்த்தை. கைமாற்று வாங்கித் திருப்பித் தர முடியாமல் போவது பொலிஸ் வந்து பிடித்துப்போகும் குற்றமல்ல. அது சிவில் விவகாரம். முதலாளி வேண்டுமானால் சிவில் வழக்குப் போடலாம். போடுவாரா என்று அவரே யோசிப்பார், ஏனென்றால் கணக்கு அவர் பக்கம் இல்லை. அவர் பேசிய 900 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். 67 நாள் வேலையில் 60,000 தீர்ந்துவிட்டது. எட்டு மாதம் வேலை செய்திருக்கிறான். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் கழித்தேன் என்று அவர் சொன்னால், அந்தக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். நாட்டின் தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ஆக உயர்ந்தது, 2026 ஜனவரியிலிருந்து அது 30,000. அந்த அளவை வைத்துப் பார்த்தாலும் கடன் இரண்டு மூன்று மாதத்தில் முடிந்த கதை. சட்டவிரோதமாக எடுத்த பிள்ளை என்பதால் செய்த வேலைக்குச் சம்பளம் இல்லாமல் போய்விடாது. பாக்கி உங்கள் தம்பிக்குத்தான் வர வேண்டும்.

அடுத்து, கடனைக் காட்டி ஒருவரை வேலையில் பிடித்து வைப்பது. தண்டனைச் சட்டக்கோவையின் 358அ பிரிவு 2006இல் இதற்காகவே சேர்க்கப்பட்டது. கடன் பிணையில் கொத்தடிமையாக வைத்திருப்பதும் வற்புறுத்தி வேலை வாங்குவதும் பாரிய குற்றம், பிள்ளை சம்பந்தப்பட்டிருந்தால் தண்டனை இன்னும் கடுமை. நீங்கள் எழுதியது அப்படியே நிரூபிக்கப்பட்டால் அந்தப் பிரிவு பேச வேண்டிய இடம் இது. “கட்டாமல் பையனை விடமாட்டேன்” என்று அவர் சொன்ன நாள், இடம், பக்கத்தில் நின்றவர் யார் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். போனில் சொல்லியிருந்தால் அந்தக் குரல் பதிவை அழிக்காதீர்கள். அப்பா வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டாரா, காசோலை ஏதும் கொடுத்தாரா என்று மட்டும் இப்போதே கேட்டுச் சொல்லுங்கள். காசோலை என்றால் விஷயம் கொஞ்சம் மாறும்.

பெற்றோரைச் சட்டம் ஒரு கேள்வியும் கேட்காது என்று நான் சொன்னால் அது பொய். 16 வயது வரை பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பு அவர்களுடையது. அதிகாரிகள் நிச்சயம் விசாரிப்பார்கள். ஆனால் தாங்களே முன்வந்து பிள்ளையை மீட்க உதவி கேட்கும் குடும்பத்துக்கும், யாரோ காட்டிக்கொடுத்துப் பிடிபடும் குடும்பத்துக்கும் இடையில் பெரிய வித்தியாசம் உண்டு. அதனால் முறைப்பாடு உங்கள் வீட்டிலிருந்தே போவது நல்லது. அம்மாவின் பெயரில் போனால் இன்னும் நல்லது.

எங்கே, எந்த வரிசையில்

தம்பியை வெளியே எடுப்பது முதலில், முறைப்பாடு அடுத்தது. அவனைக் கூட்டிக்கொண்டு வர யாருடைய அனுமதியும் வேண்டாம். அவன் உங்கள் வீட்டுப் பிள்ளை. ஆனால் தனியாகப் போகாதீர்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அவரையோ கிராம உத்தியோகத்தரையோ கூட்டிக்கொண்டு பகலில் போங்கள். தடுத்தால் உடனே 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம் அது, எந்த நேரத்திலும் எடுக்கலாம், தமிழில் பேசலாம்.

அதன் பிறகு நுவரெலியா தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு. அபாயகரமான தொழில், வயது, சம்பள பாக்கி மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள், தமிழில் பதில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பொலிசில் வாக்குமூலம் கொடுக்க நேர்ந்தால், வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் அம்மா கையெழுத்து வைக்கக்கூடாது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தரைக் கேட்டுக் காத்திருந்தாலும் பரவாயில்லை. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் திரும்பாதீர்கள். முறைப்பாடு செய்தவரை மிரட்டுவதும் தனிக் குற்றம். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2023இல் புதிய சட்டமே வந்திருக்கிறது.

பையனை நன்னடத்தைத் திணைக்களம் விடுதிக்கு அனுப்பிவிடுமோ என்று பயந்து பல குடும்பங்கள் பின்வாங்குகின்றன. வீட்டில் பாதுகாப்பு இருக்கிறதா என்பதைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள். அக்கா சம்பாதிக்கிறார், அம்மா வேலைக்குப் போகிறார், தம்பி திரும்பப் படிக்க ஏற்பாடு இருக்கிறது என்று காட்ட முடிந்தால் அந்தப் பயத்துக்கு இடம் குறைவு.

சங்கத் தலைவருக்கும் ஒரு வார்த்தை. சீசன் முடியும் வரை காத்திருப்பது என்பது, இருப்பதிலேயே அதிகம் மருந்து அடிக்கும் மாதங்கள் முழுவதும் அந்தப் பையனை அங்கே நிறுத்துவது. ஐயா, உங்களால் செய்ய முடிந்த பெரிய வேலை ஒன்று இருக்கிறது. அதை அடுத்துச் சொல்கிறேன்.

யாரும் கேட்காத நட்டஈடு

அப்பா விழுந்தது கவ்வாத்து மலையில், வேலை நேரத்தில். இதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இந்தக் கடிதத்தின் மையமே அதுதான். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வேலையின்போது ஏற்பட்ட காயத்துக்கு நட்டஈடு தர வேண்டியவர் தொழில்தருநர், அதாவது தோட்டக் கம்பெனி. காயத்தின் கடுமையையும் சம்பளத்தையும் வைத்துத் தொகை தீர்மானிக்கப்படும். டிஸ்பென்சரியில் கட்டுப்போட்டு அனுப்பியதோடு அந்தக் கடமை தீர்வதில்லை. அன்றே இதை யாராவது கேட்டிருந்தால் மரக்கறித் தோட்டத்துக்காரரிடம் கைநீட்டியிருக்க வேண்டாம். அப்பாவின் உடைந்த முதுகுக்குக் கம்பெனி தர வேண்டியதை உங்கள் தம்பி தன் உடம்பால் கட்டிக்கொண்டிருக்கிறான் என்பதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

கோரிக்கைக்குக் காலவரம்பு உண்டு, தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் ஏற்கும் அதிகாரம் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கும் உண்டு. ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, இன்னும் ஒரு மாதம்கூடத் தள்ளிப் போட வேண்டாம். விபத்து நடந்த திகதி, கங்காணி யார், கூட வேலை செய்தவர்கள் யார், டிஸ்பென்சரிப் பதிவு, வைத்தியசாலை டயக்னோசிஸ் கார்ட் எல்லாவற்றையும் சேர்த்து, அந்த ஆணையாளரிடம் விண்ணப்பிக்கலாம். சங்கம் இதைச் செய்து தர வேண்டும், அதற்குத்தான் சந்தா. முடியாது என்றால் சட்ட உதவி ஆணைக்குழு, வசதி குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுகிறது. நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்டால் அலுவலகத்தைக் காட்டுவார்கள். குடும்பத்துக்கு அஸ்வெசும எனும் அரசாங்க உதவிப்பணம் கிடைக்காவிட்டால் பிரதேச செயலகத்துக்குப் போகும் அதே நாளில் அதையும் கேளுங்கள், வேலை செய்ய முடியாத ஒருவர் வீட்டில் இருப்பதைச் சொல்லி.

கொழும்புக் கடை பற்றி

16 வயதில், ஆபத்தில்லாத வேலை சட்டப்படி முடியும் என்றேன். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. தங்குமிடமும் சாப்பாடும் முதலாளி கையில், வீடு பல மணிநேரப் பயண தூரத்தில் என்றால் கேட்பதற்கு ஆளில்லை. டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுச் சிறுமி 2021 ஜூலையில் தீக்காயங்களோடு வைத்தியசாலையில் இறந்தபோது மலைநாடே தெருவில் நின்று அழுதது. தெரிந்தவர் மூலமாகத்தான் அனுப்புகிறோம் என்றுதான் ஒவ்வொரு வீடும் நினைக்கிறது.

தம்பி பத்தாம் வகுப்பு வரை வந்திருக்கிறான். 16 தாண்டியதால் பள்ளிக் கதவு மூடிவிடவில்லை. அதிபரைப் பாருங்கள், அவர் தயங்கினால் வலயக் கல்வி அலுவலகத்தில் முறைசாராக் கல்விப் பிரிவைக் கேளுங்கள். வகுப்பில் திரும்ப உட்காரக் கூச்சப்பட்டால், சாதாரண தரப் பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். அதற்கு அடையாள அட்டை வேண்டும், இப்போதே விண்ணப்பித்து விடுங்கள். படிப்பில் மனமில்லை என்றால் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தரும் பயிற்சி, அல்லது நைட்டா எனப்படும் பயிலுநர் பயிற்சி அதிகார சபையின் வழி. மின்சார வேலையோ மோட்டார் வேலையோ கைக்கு வந்தால் 18 வயதில் அவன் பேரம் பேசி வேலைக்குப் போவான். இதை அவனிடமே கேளுங்கள். இத்தனை பேர் கருத்துச் சொல்லியிருக்கிறீர்கள், உங்கள் கடிதத்தில் அவன் என்ன சொன்னான் என்பது மட்டும் இல்லை.

நாடு என்னதான் செய்கிறது என்றும் கோபமாகக் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. மோசமான வடிவிலான சிறுவர் தொழிலை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 2001இல் ஏற்றது. 2016ஐ இலக்காக வைத்து வழிவரைபடம் போட்டது. அதே 2016இல் எடுத்த அரசாங்கக் கணக்கெடுப்பு 43,714 சிறுவர் தொழிலாளர்களைக் கண்டது, அவர்களில் 39,007 பேர் அபாயகரமான வேலையில். பத்தில் ஒன்பது பேர். 2017இல் தேசியக் கொள்கை வந்தது, 2021இல் வயது உயர்ந்தது, இரத்தினபுரி மாவட்டத்தில் சிறுவர் தொழிலற்ற வலயம் என்ற முயற்சி நடந்து மற்ற மாவட்டங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. சட்டம் எழுதுவதில் குறை வைக்கவில்லை. குறை இருப்பது கீழே. தொழில் உத்தியோகத்தர்கள் பெயர்ப்பலகை உள்ள நிறுவனங்களுக்குப் போகிறார்கள். பலகை இல்லாத மரக்கறி நிலத்துக்கும் அதன் மேட்டில் உள்ள வாடிக்கும் யாராவது முறைப்பாடு கொடுத்தால்தான் ஏறி வருகிறார்கள். அங்கே வேறு பையன்களும் வேலை செய்கிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதையும் முறைப்பாட்டில் சேருங்கள். பெயர் தெரியாவிட்டாலும் எத்தனை பேர், என்ன வயது இருக்கும் என்பது போதும்.

அடுத்த லீவுக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே இரண்டு நாள் லீவு கேளுங்கள். முதல் நாள் பிரதேச செயலகமும் தம்பியைக் கூட்டி வருவதும் வைத்தியசாலையும். இரண்டாம் நாள் தொழில் அலுவலகம். தம்பியின் பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் அடையாள அட்டை, அப்பாவின் டயக்னோசிஸ் கார்ட், நீங்கள் எழுதி வைத்த கொப்பி, எல்லாவற்றிலும் இரண்டிரண்டு போட்டோப் பிரதி. தொழில் அலுவலகத்தில் கொடுக்கும் கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கிய பிறகு எனக்கு எழுதுங்கள், நட்டஈட்டு விண்ணப்பத்தை நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.